எங்கள் வெயில், அவர்கள் மழை

எங்களை ஆண்டவர்கள் கிளம்பிப் போகும்போது ஒரு பென்சிலைச் சீவியிருந்தால் மூன்று போர்கள் மிச்சமாகியிருக்கும். எல்லை போட வந்த அந்த ஆள் சீவவில்லை. ஊருக்குப் போகிற அவசரம். கப்பல் காத்திருக்கிறது, பெட்டி கட்டியாகிவிட்டது, பெண்டாட்டி வாசலில் நின்று கத்துகிறாள். மொண்ணைப் பென்சிலால் வரைபடத்தின் நடுவில் ஒரு கோட்டை இழுத்து, "இந்தப் பக்கம் நீங்கள், அந்தப் பக்கம் அவர்கள்" என்று சொல்லிவிட்டுக் கப்பலேறிவிட்டார். கோடு தடியாக விழுந்துவிட்டது. காகிதத்தில் பார்த்தால் எறும்புக் கால் அகலம்தான். தரையில் அது ஒரு முழுப் பள்ளத்தாக்கு. ஆறு, ஆற்றங்கரை வீடுகள், ஒரு பள்ளிக்கூடம், என் அக்கா வீடு, அத்தானின் மாவு மில் எல்லாமே கோட்டுக்குள்ளேயே கிடக்கின்றன.

முதல் போர் பள்ளத்தாக்குக்காக நடந்தது. இரண்டாவது போர் அந்தப் பென்சிலுக்காக. பென்சில் யாரிடம் இருக்கிறதோ அவர்களுக்கே கோடும் சொந்தம் என்று எவனோ ஒரு வக்கீல் கொளுத்திப் போட்டான். இப்போது இரண்டு நாட்டு அருங்காட்சியகத்திலும் ஆளுக்கொரு பென்சில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறது. எங்கள் பென்சிலின் பின்பக்கம் பல் தடம் இருக்கிறது, ஆகவே அதுதான் அசல் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். அவர்கள் பென்சிலிலும் பல் தடம் இருப்பதாகக் கேள்வி. அந்தப் பக்கம் எவன் உட்கார்ந்து கடித்தானோ.

மூன்றாவது போர் வானிலையால் வந்தது. அது என் துறை. நான் அரசு வானொலியில் வானிலை வாசிக்கிறவள்.

ஒரு கோடையில் அவர்கள் வானொலி பள்ளத்தாக்கில் இதமான குளிர் என்று சொன்னது. எங்கள் வெளியுறவு அலுவலகத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. அவர்களுடைய பள்ளத்தாக்கு நம்முடைய பள்ளத்தாக்கைவிடக் குளிர்ச்சியா? எங்கள் வானொலியில் வெப்பத்தை இரண்டு பாகை குறைத்தார்கள். அவர்கள் இன்னும் இரண்டு குறைத்தார்கள். வாரக் கடைசிக்குள் இரண்டு வானொலியிலும் பனி கொட்டத் தொடங்கிவிட்டது. பள்ளத்தாக்கிலோ ஜனங்கள் வியர்த்து வடிந்து, விசிறியும் கையுமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு அவர்கள் எங்கள் பனியை அழுக்குப் பனி என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு மேல் பொறுக்க முடியாது இல்லையா. பீரங்கிகள் கிளம்பின.

போரை நிறுத்த ஒரு கூடாரம் போட்டு, தலைப்பாகை, தொப்பி, மீசை எல்லாம் உட்கார்ந்து மாதக்கணக்கில் பேசி, ஒரே ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். பள்ளத்தாக்குக்கு இரண்டு நாடும் ஒரே அலைவரிசையில் வானிலை சொல்லும். ஒருநாள் நாங்கள் முந்தி, மறுநாள் அவர்கள் முந்தி. ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேசக் கூடாது. குறுக்கே பேசக் கூடாது என்றுதான் எழுதினார்கள். மறுத்துப் பேசக் கூடாது என்று எழுதவில்லை. ஆகவே இரண்டாவதாகப் பேசுகிறவர் எடுத்த எடுப்பில், "முன்னால் சொன்னது முழுப் பொய். உண்மை நிலவரம் இதோ" என்று தொடங்குவது இரு பக்கமும் வழக்கமாகிவிட்டது. எனக்கு அது வணக்கம் சொல்வது மாதிரி. சில நாள் வீட்டில் தொலைபேசியை எடுத்தால்கூட வாயில் அதுதான் வருகிறது.

அப்படியானால் பள்ளத்தாக்கின் உண்மையான வானிலை யாருக்குத் தெரியும் என்று கேட்பீர்கள். எங்கள் நிலையத்தில் படித்த வானிலைக்காரர் ஒருவர் இருக்கிறார். நல்ல மனுஷர். அவர் மேஜையில் நாடு முழுவதற்குமான பெரிய வரைபடம் விரித்திருக்கும். பள்ளத்தாக்கு இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் கத்தரிக்கோலால் வெட்டிய ஓட்டை இருக்கும். ஓட்டை வழியாக மேஜையின் மரம் தெரியும். அந்த இடத்து வெயிலும் மழையும் வெளியுறவு அலுவலகத்தின் பொறுப்பு. அங்கிருந்து ஓர் அதிகாரி தினமும் சாயங்காலம் பள்ளத்தாக்கின் வானிலையை உறையில் போட்டு எடுத்துவருவார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் மேகம். எங்கே வந்தாலும் இருட்டிக்கொண்டு வருவார், ஒரு சொட்டுப் பிரயோஜனம் இருக்காது.

மறுபக்கம் வாசிக்கிற ஆளை நான் பார்த்ததில்லை. குரல் மட்டும் தெரியும். வருஷக்கணக்காகக் கேட்கிறேன். பெயர் சொல்லிக்கொள்ளும் வழக்கம் இல்லை, அதனால் எதிரி என்றே வைத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் இரவுச் சாப்பாட்டின்போது, "இன்னைக்கு உன் எதிரி என்ன சொன்னார்?" என்று கேட்பார். ஒருமுறை எதிரிக்குச் சளி பிடித்துத் தொண்டை கட்டிப்போய்க் கரகரவென்று என்னைப் பொய்க்காரி என்று சொன்னார். பாவமாக இருந்தது. மறுநாள் என் முறையில், பள்ளத்தாக்கில் ஈரக் காற்று, தொண்டை கட்டியவர்கள் வெந்நீர் குடிக்கவும் என்று சேர்த்து வாசித்தேன். மேகம் முறைத்தார். அதற்கடுத்த நாள் எதிரி தெளிவான குரலில், "பள்ளத்தாக்கில் தொண்டைக்கட்டு நீங்கியது" என்றார். அவ்வளவுதான் எங்கள் பழக்கம்.

அக்கா பள்ளத்தாக்குக்கு வாழ்க்கைப்பட்டது இரண்டாவது போருக்கும் மூன்றாவது போருக்கும் நடுவில், சமாதானம் கொஞ்சம் நீளமாக இருந்த சமயம். பிறகு வழி மூடிவிட்டது. தொலைபேசி மட்டும் உண்டு. அதில் எப்போதும் நாலு பேர் இருப்போம். நான், அக்கா, எங்கள் பக்கத்து ஒட்டுக்கேட்பவர், அவர்கள் பக்கத்து ஒட்டுக்கேட்பவர். எங்கள் ஆள் எதையாவது மென்றுகொண்டே கேட்பார். அவர்கள் ஆள் மூக்கால் மூச்சு விடுவார். பழகிவிட்டது. குடும்ப விஷயம் பேசும்போது அவர்களுக்கும் சேர்த்துப் புரிகிற மாதிரி பேசுவோம்.

ஒருநாள் மதியம் அக்காவின் அழைப்பு நிலையத்துக்கே வந்தது. நடைவழியில் இருக்கிற கறுப்புத் தொலைபேசியில் எடுத்தேன்.

"ஆறு கலர் மாறிடுச்சுடி," என்றாள்.

"என்ன கலர்?"

"டீ கலர். மேல மலையில நாலஞ்சு நாளா விடாம கொட்டுது. மில்லுப் படிக்கட்டுல கீழ்ப்படி ரெண்டையும் காணோம். எங்க கொல்லைக் கிணத்துல தண்ணி கை எட்டுற மாதிரி நிக்குது. ராத்திரிக்குள்ள கீழத்தெரு போயிடும்டி."

"அப்ப இன்னும் ஏன் உக்காந்திருக்கே? பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டு மேட்டுக்குப் போ."

"போகலாம். உங்க அத்தான் வரணுமே. அவர் எந்திரிக்காம கீழத்தெருவுல ஒருத்தரும் எந்திரிக்க மாட்டாங்க. அவர் மில்லு வாசல்ல கால நீட்டி உக்காந்திருக்கார். அவரை ஆத்தோட விட்டுட்டு நான் மட்டும் ஏறச் சொல்றியா?"

அத்தான் எழுந்திருக்காததற்குக் காரணம் நாங்கள்தான். நாங்கள் என்றால் நானும் எதிரியும். முன்பொரு முறை எதிரி வானொலி வெள்ளம் வருகிறது என்று சொல்ல, அத்தான் தெருவையே திரட்டிக்கொண்டு, பாய் படுக்கை, பாத்திரம் பண்டம், கட்டில் கால் வரைக்கும் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறி உட்கார்ந்தார். வானம் பளிச்சென்று இருந்தது. ஆறு முழங்கால் அளவுக்குக்கூட ஏறவில்லை. ஆளில்லாத தெருவில் ஆடுகள் புகுந்து அத்தனை தோட்டத்தையும் மேய்ந்துவிட்டன. அன்றிலிருந்து அவரை எல்லாரும் வெள்ளம் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். "வெள்ளம் வருதுடா, வழி விடு." அத்தான் சபதம் போட்டார். இரண்டு வானொலியும் என்றைக்கு ஒரே மாதிரி சொல்கிறதோ அன்றைக்குத்தான் மேட்டில் ஏறுவேன், அதுவரை எவன் சொன்னாலும் கால் நீட்டி உட்காருவேன். தெருவும் அதையே சட்டமாக எடுத்துக்கொண்டது. அத்தை பெற்ற பிடிவாதம் அது. சாகும்போதும் கூடவேதான் போகும்.

"நான் அழுது பாத்துட்டேன்," என்றாள் அக்கா. "ஆறு கண்ணு முன்னாடி ஏறுதே, பாக்கலையான்னு கேட்டேன். ஆறு ஏறும், இறங்கும், சபதம் இறங்காதுங்கிறார்."

அப்போது நடுவில் ஒரு தொண்டைச் செருமல். "அம்மா, குறுக்க பேசுறதுக்கு மன்னிக்கணும்," என்றது ஒரு குரல். அவர்கள் பக்கத்து ஒட்டுக்கேட்பவர். அத்தனை வருஷத்தில் அவர் குரலை அன்றைக்குத்தான் கேட்டோம். "கீழத்தெருவுல கடைசி வீடு எங்க மாமனார் வீடு. அங்கேயும் தண்ணி வந்திடுச்சா?"

"வாசல்ல நிக்குது," என்றாள் அக்கா. "உங்க மாமனாரும் மில்லுலதான் இருக்கார். அத்தான் பக்கத்துல."

"அவர் பேசக் கூடாதுங்க," என்று எங்கள் ஆள் மென்றுகொண்டே சொன்னார். "விதிப்படி கேக்க மட்டும்தான் அனுமதி."

"நீங்களும் இப்ப பேசுறீங்க," என்றேன்.

அவர் மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

நான் அவர்கள் ஆளிடம் கேட்டேன். "ஐயா, உங்க வானொலியில யார்கிட்டயாவது சொல்ல முடியுமா?"

"ஒட்டுக்கேட்டதை வெளிய சொன்னா வேலை போயிடும்மா. சொன்னாலும் என்ன பிரயோஜனம்? எங்க ஆள் மழைன்னா நீங்க வெயில்னு சொல்லுவீங்க. உங்க அத்தானும் எங்க மாமனாரும் உக்காந்தே இருப்பாங்க." அவர் மூக்கால் நீளமாக மூச்சு விட்டார். அதோடு இணைப்பு அறுந்தது. மழைதான் அறுத்திருக்க வேண்டும்.

வானிலைக்காரரிடம் ஓடினேன். ஓட்டையைச் சுற்றி நாலு பக்கமும் அவர் கோடு கோடாக மழை வரைந்து வைத்திருந்தார்.

"சார், இந்த ஓட்டைக்குள்ள?"

அவர் கதவைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், பிறகு மேஜை மரத்தின் மேலேயே பென்சிலால் நாலு கோடு போட்டார். "கொட்டித் தீத்திடும்மா. ஆனா நான் சொன்னதா சொல்லாதீங்க. இது மேஜை, வரைபடம் இல்ல."

மேகம் சாயங்காலம் உறையோடு வந்தார். உள்ளே, 'பள்ளத்தாக்கில் தெளிந்த வானம், இளவெயில், மென்காற்று' என்று இருந்தது. நான் சொல்ல வேண்டியதை எல்லாம் சொன்னேன். ஆறு, படிக்கட்டு, கிணறு, அத்தான், சபதம்.

அவர் பொறுமையாகக் கேட்டார். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. "மேடம், நேத்து அவங்க மழைன்னு சொன்னாங்க. இன்னைக்கு நாம மழைன்னு சொன்னா, நேத்து அவங்க சொன்னது சரின்னு ஆகிடாதா?"

"எங்க அக்கா அங்க இருக்காங்க சார்."

"உங்க அக்கா நம்ம நாட்டுல இருக்காங்க மேடம். நம்ம நாட்டுல வெயில்."

கையில் இருந்த காபியை அவர் மேல் ஊற்றலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். சட்டை வெள்ளையாகத்தான் இருந்தது. ஆனால் ஊற்றினால் என்னை வெளியே அனுப்பிவிட்டு வேறு யாரையாவது வாசிக்க வைப்பார்கள். குடித்துவிட்டேன்.

ஒலிபரப்பு அறை சின்னது. சுவரெல்லாம் பஞ்சு வைத்துத் தைத்த துணி. ஒரு மேஜை, ஒரு ஒலிவாங்கி, தலைக்கு மேல் சிவப்பு விளக்கு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேகம் உட்கார்ந்திருப்பார், வலது கை எப்போதும் ஒரு பித்தானின் மேல். நான் உறையில் இல்லாத எதையாவது சொன்னால் அதை அழுத்துவார், உடனே நாடு முழுக்கப் புல்லாங்குழல் கேட்கும். சிவப்பு விளக்கு எரிந்தது. தெற்கே வெயில், கிழக்கே பனிமூட்டம் என்று வாய் வாசித்துக்கொண்டு போகிறது. மனசு கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. நான் மழை என்றால், மேகம் பித்தானை அழுத்துவார். அழுத்தாவிட்டாலும் அன்றைக்கு நாங்கள் முந்தி. எதிரி, "முழுப் பொய்" என்று சொல்லி வெயில் அடிப்பார். நான் வெயில் என்றால் அவர் மழை பெய்வார். எதைச் சொன்னாலும் அவர் பொய் என்பார், அத்தான் கால் நீட்டியே இருப்பார். நானும் அவரும் வாயைத் திறந்தாலே அக்கா வீட்டுக்குள் ஆறு வரும்.

அப்படியென்றால், பொய் என்று சொல்லவே முடியாத ஒன்றைச் சொல்ல வேண்டும்.

கடைசித் தாள் வந்தது. பள்ளத்தாக்கு. நான் தாளைக் கவிழ்த்து வைத்தேன். "பள்ளத்தாக்கு," என்றேன். "பள்ளத்தாக்கில் இன்று என்ன வானிலை என்பதை இப்போது அவர்கள் வானொலி சொல்லும். அவர்கள் சொல்வது எதுவோ, அதுவே எங்கள் வானிலையும். வணக்கம்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேகத்தின் கை தூக்கியபடி நின்றது. நான் மழை என்று சொல்லியிருந்தால் அழுத்தியிருப்பார். நான் மழை என்று சொல்லவில்லை. வெயில் இல்லை என்றும் சொல்லவில்லை. தேசத் துரோகமா, இல்லையா? அவர் உதடுகள் மட்டும் அசைந்தன. அவர் முடிவு செய்வதற்குள் அலைவரிசை அவர்கள் பக்கம் மாறிவிட்டது. இனி குறுக்கே பேசினால் ஒப்பந்தமீறல், போர். பித்தானிலிருந்து கையைத் தீயைத் தொட்டவர் மாதிரி எடுத்துக்கொண்டார்.

ஒலிபெருக்கியில் எதிரியின் அறை கேட்டது. நாற்காலி கிறீச்சிட்டது. தாள் சரசரத்தது. பிறகு, வருஷக்கணக்கான பழக்கத்தில், யோசிக்காமலே அவர் ஆரம்பித்தார். "முன்னால் சொன்னது முழுப் பொய்."

எனக்கு உயிர் போய்விட்டது. அட பாவி மனுஷா.

"உண்மை நிலவரம்..." என்றவர் நின்றுவிட்டார். வானொலியில் அவ்வளவு நீளமான மௌனத்தை நான் கேட்டதில்லை. முன்னால் சொன்னது என்ன? அவர் சொல்வதுதான் உண்மை என்பது. அது முழுப் பொய் என்றால் இனி அவர் வாயிலிருந்து வருவதெல்லாம் பொய். அவர்கள் பக்கத்து மேகம் கண்ணாடிக்குப் பின்னால் கையைக் காலை ஆட்டிக்கொண்டிருக்க வேண்டும், ஏதோ இடிபடுகிற சத்தம் கேட்டது. எதிரி தொண்டையைச் செருமினார்.

"இல்லை," என்றார். "பொய் இல்லை. இன்றைக்கு மட்டும் அவங்க சொன்னது சரி." குரல் செய்திக் குரலிலிருந்து இறங்கி வீட்டுக் குரலாகிவிட்டது. "மழை. ரொம்பப் பெரிய மழை. ஆறு ஏறுது. கீழத்தெருவுல இருக்கிறவங்க எல்லாரும் உடனே மேட்டுக்குப் போங்க. மாவு மில்லு வாசல்ல கால நீட்டி உக்காந்திருக்கிறவரும் எந்திரிங்க. ரெண்டு வானொலியும் சொல்லியாச்சு. பக்கத்துல இருக்கிற மாமனாரையும் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போங்க."

அதற்கு மேல் அவர்கள் ஊர்ப் புல்லாங்குழல் கேட்டது. எங்கள் புல்லாங்குழலும் அவர்கள் புல்லாங்குழலும் ஒரே இசைத்தட்டு என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மூக்கால் மூச்சு விடுகிற அந்த நல்ல மனுஷர் வேலையைப் பணயம் வைத்துச் சொல்லியிருக்கிறார். நான் ஒலிவாங்கியின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதேன்.

அன்று இரவெல்லாம் தொலைபேசியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ஒவ்வொரு முறையும் எங்கள் ஆள்தான் கிடைத்தார். "லைன் செத்துப்போச்சும்மா," என்றார். "அந்தப் பக்கத்து ஆளும் இல்ல. அவர் மூச்சு சத்தம் இல்லாம எனக்கே என்னவோ மாதிரி இருக்கு. மெல்லவும் பிடிக்கல."

மறுநாள் காலையில் என்னை வெளியுறவு அலுவலகத்துக்குக் கூட்டிப் போனார்கள். ஜெயில்தான் என்று நினைத்து மாற்றுப் புடவை ஒன்றை எடுத்துக்கொண்டேன். போனால் எல்லாரும் சிரித்த முகம். மேகத்துக்குத் தன் தோலைக் காப்பாற்ற வேண்டியிருந்திருக்கிறது. பித்தானை ஏன் அழுத்தவில்லை என்று மேலிடம் கேட்டால் என்ன சொல்வது? உட்கார்ந்து யோசித்திருக்கிறார் மனுஷர், விடிவதற்குள் தோல்வி வெற்றியாகிவிட்டது. எங்கள் வானிலையை எதிரி வானொலியே வாசிக்கும்படி நாம் உத்தரவிட்டோம், அவர்கள் கீழ்ப்படிந்தார்கள், பள்ளத்தாக்கு நம்முடையது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பூசணித் தோட்டத்தையே மறைக்கிறவரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

என் புடவையில் ஒரு பதக்கத்தைக் குத்தினார்கள். அந்தப் பக்கம் எதிரிக்கும் பதக்கமாம். பள்ளத்தாக்கின் வானிலையைச் சொல்லும் உரிமையை நாங்கள் அவர்களிடம் ஒப்படைத்துச் சரணடைந்துவிட்டோம் என்று அங்கே கொண்டாட்டமாம். புகைப்படக்காரர் என்னைச் சிரிக்கச் சொன்னார். அக்கா இருக்கிறாளா இல்லையா என்று தெரியாமல் நான் எந்தப் பல்லைக் காட்ட? "என் அக்காவைப் பத்தி ஏதாவது தெரியுமா?" என்று அங்கிருந்த ஒவ்வொருவரையும் கேட்டேன். ஒவ்வொருவரும் வாழ்த்துகள் என்றார்கள்.

நிலையத்துக்குத் திரும்பியபோது நடைவழியில் தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. எடுத்தால் ஒரு மூக்கு மூச்சு. அந்தச் சத்தத்தைக் கேட்டு எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வேன்.

"மேட்டுல இருக்கிற சாவடித் தொலைபேசியிலேர்ந்து பேசுறேன்," என்றாள் அக்கா. "இருக்கோம். எல்லாரும் இருக்கோம். மில்லு போச்சு. நம்ம வீடு பாதி போச்சு. சமையல்கட்டு மட்டும் நிக்குது, உள்ள ஒரு மீன் இருக்குதாம். ஆளுங்க ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்ல."

"எங்க மாமனார்?" என்றது மூச்சு.

"அவர்தான் முதல்ல ஓடினார்," என்றாள் அக்கா. "கையப் பிடிக்கிற அளவுக்கு யாராலயும் எட்ட முடியல."

எங்கள் ஆள் மறுபடி மெல்ல ஆரம்பித்தார். நான் சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன். "அத்தான் என்ன சொன்னார் அக்கா? சபதத்தைக் காப்பாத்திட்டோம்ல?"

"சபதமா? அவர் மழைக்காக ஏறினார்னா நினைச்சே? உங்க ரெண்டு பேர் பேச்சையும் கேட்டதும் மூஞ்சி வெளுத்துப்போச்சு. 'அடியே, இவனுங்க ரெண்டு பேரும் ஒண்ணு சேந்துட்டானுங்கடி. ஏதோ சதி. ரெண்டு பக்கத்துலேர்ந்தும் சேந்து நம்மளச் சுடப் போறானுங்க'ன்னு கத்திக்கிட்டு ஓடினார். அதைக் கேட்டுத்தான் தெருவே ஓடிச்சு. வெள்ளம்னு சொல்லியிருந்தா ஒரு ஆளும் அசைஞ்சிருக்க மாட்டான்."

எங்கள் நாலு பேரில் யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. எங்கள் ஆளுக்குப் புரையேறிவிட்டது.

"சிரிக்காதடி," என்றாள் அக்கா. "ஆத்துத் தண்ணி இறங்கிடுச்சு. இங்க மேட்டுல குளிரு தாங்கல, பிள்ளைங்க இருமுதுங்க. மேலத்தெருப் பள்ளிக்கூடம் காஞ்ச தரையோட சும்மா கிடக்குது, போய்ப் படுக்கலாம்னா உங்க அத்தான் இறங்க விட மாட்டேங்கிறார். யாரையும் விட மாட்டேங்கிறார். 'அவனுங்க மறுபடி சண்டை போடுற வரைக்கும் ஒருத்தரும் இறங்கக் கூடாது'ங்கிறார். இன்னைக்காவது கொஞ்சம் நல்லா சண்டை போடுங்கடி."

சாயங்காலம் மேகம் உறையோடு வந்தார். புதுச் சட்டை. நேற்றுச் சொன்ன அதே வாக்கியம், அடிக்கோடு போட்டு. "இனிமே தினமும் இதுதான் மேடம். அவங்க சொல்றது எதுவோ அதுவே எங்கள் வானிலையும். வெற்றிகரமான கொள்கை." மழை விட்டும் தூவானம் விடவில்லை என்பார்களே, அது இதுதான்.

அன்றைக்கு அவர்கள் முந்தி. எதிரியின் குரல் வந்தது. அவருக்கும் அங்கே ஓர் உறை வந்திருக்கும், அடிக்கோடு போட்ட வாக்கியம் இருந்திருக்கும். ஆனால் மூச்சுக்காரர் அக்கா கேட்டதை அவரிடமும் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ஏனென்றால் எதிரி தாளை மடிக்கிற சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"பள்ளத்தாக்கில்," என்றார், எந்த வெட்கமும் இல்லாமல், "கடும் பனிப்பொழிவு. சாலைகளில் இடுப்பளவு பனி. எங்கள் பனி சுத்தமான பனி."

சிவப்பு விளக்கு என் பக்கம் எரிந்தது. மேகம் கண்ணாடிக்குப் பின்னால் வெற்றிப் புன்னகையோடு தலையாட்டினார். நான் உறையை மடித்து முட்டுக்கொடுக்க மேஜைக் காலுக்கு அடியில் வைத்தேன். அந்த மேஜை ரொம்ப நாளாக ஆடிக்கொண்டிருந்தது.

"முன்னால் சொன்னது முழுப் பொய்," என்றேன். என் வாழ்க்கையில் அந்த வாக்கியத்தை அவ்வளவு அன்பாகச் சொன்னதில்லை. "பள்ளத்தாக்கில் சுட்டெரிக்கும் வெயில். தரையில் கால் வைக்க முடியவில்லை. பனி என்று சொல்கிறவர் கண் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. சொல்கிற பொய்யைப் பொருந்தச் சொல்லவும் தெரியாத ஆட்களுக்கு எதற்கு ஒரு வானொலி?"

புல்லாங்குழல் வந்துவிட்டது. பரவாயில்லை, சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்திருந்தேன்.

மேட்டில், ஈரக் கம்பளிகளுக்கு நடுவில், யாரோ ஒருவருடைய வானொலியைச் சுற்றி ஊரே உட்கார்ந்திருந்ததாம். அத்தான் கடைசி வார்த்தை வரைக்கும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாராம். பிறகு எழுந்து வேட்டியை உதறினாராம்.

"சண்டை போட ஆரம்பிச்சுட்டானுங்க," என்றாராம் நிம்மதியாக. "இனி பயம் இல்லை. பிள்ளைங்களத் தூக்கிக்குங்க, இறங்குவோம்."